அடுப்பில் ஏறிய கோப்பை: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மாதவிடாய்க் கோப்பையைப் பயன்படுத்தத் தொடங்கி எனக்கு மூன்று ஆண்டுகள் நிறைந்துவிட்டன. வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கும் தோழிகளுக்கும் வங்கியில் உடன் பணிபுரியும் பெண்களுக்கும் இதுவரை தனித்தனியாகச் சொல்லி வந்தேன். அதை ஒரே இடத்தில் முழுமையாக எழுதி வைத்துவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பொருளைப் பற்றி மட்டும் சொல்வதென்றால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால், விலை என்ன, வலிக்குமா என்று கேட்பதற்கு முன்பே, "உங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். ஆகவே வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். உள்ளங்கையில் அடங்கும் மணி வடிவக் கிண்ணம் அது. மருத்துவத் தரச் சிலிக்கோனால் ஆனது. அடியில் விரலுக்குத் தட்டுப்படும்படி சிறிய காம்பு ஒன்றும், விளிம்புக்குச் சற்றுக் கீழே ஊசி குத்தியது போன்ற சில துளைகளும் இருக்கும். மடித்து உள்ளே வைத்தால் தானாக விரிந்து, உடலோடு ஒட்டிக்கொண்டு, உதிரத்தை ஏந்திக்கொள்கிறது. அளவைப் பொறுத்து 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை கொள்ளும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொட்டி, கழுவி, மறுபடியும் வைத்துக்கொள்ளலாம். அந்த மாதத்துக்கு முடிந்ததும் கொதிநீரில் போட்டெடுத்து, உலர்த்தி, அதனுடன் தரும் துணிப்பையில் வைத்துவிட வேண்டும். நல்ல கோப்பை பல ஆண்டுகள் உழைக்கும். நான் முதலில் வாங்கியபோது 400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த லியோனா சால்மர்ஸ் என்ற நடிகை 1937லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அந்தக் காலத்தில் ரப்பரில் செய்தார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகில் இருந்துவந்த ஒரு பொருள் திருச்சியில் என் கைக்கு வந்து சேர 2022 ஆயிற்று. அப்போது எனக்கு வயது நாற்பத்தைந்து.

நான் வயதுக்கு வந்தது 1990இல், மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். சடங்கு முடிந்து பந்தல் பிரித்த மறுமாதமே எனக்கென்று ஒரு கோரைப்பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு எல்லாம் பின்கட்டில் வந்து சேர்ந்துவிட்டன. அந்த மூன்று நாளும் அடுப்படிக்குள் போகக் கூடாது. தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. ஊறுகாய் ஜாடி இருக்கும் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது. பூ வைத்துக்கொள்ளக் கூடாது. பசித்தால் நிலைப்படிக்கு இந்தப்புறம் நின்று கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் மாதவிடாய் என்று சொன்னதில்லை. "தூரம்", "வீட்டுவிலக்கு", "தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை" என்பவைதான் புழங்கிய சொற்கள். அந்தச் சொற்களே ஒரு பெண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். அவளுடைய உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அவற்றில் ஒன்றுகூடச் சொல்லாது.

துணிதான் அப்போது. அம்மாவின் பழைய நூல் புடவையைக் கிழித்து நான்காக மடித்துக்கொள்வோம். துணியில் குற்றம் ஏதும் இல்லை. நன்றாகத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்தால் அது சுத்தமான பொருள்தான். ஆனால் அந்த வெயிலுக்குத்தான் எங்களுக்கு அனுமதி இல்லை. மாட்டுக்கொட்டகையின் பின்சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே கயிறு கட்டி, துணியைப் போட்டு, அதன்மேல் ஒரு பாவாடையை விரித்து மறைத்துத்தான் காயவைப்போம். கார்த்திகை, மார்கழியில் அது காயவே காயாது. ஈரம் முழுதும் போகாத துணியை மறுநாள் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கு நடந்ததும், தொடை உரசிப் புண்ணாகி, திரும்பி வரும்போது காலை அகற்றி வைத்து நடந்ததும் இன்றுவரை நினைவிருக்கிறது. வெள்ளைப்படுதலும் அரிப்பும் எங்கள் தெருப் பெண்கள் அனைவருக்கும் இருந்தன. அவற்றைப் பெண்ணாய்ப் பிறந்ததன் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். மறைப்பில் காய்ந்த துணியால் வந்தவை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நாப்கின் எனக்கு அறிமுகமானது மன்னார்குடியில் கல்லூரிக்குப் போன பிறகு. அந்நாளில் எந்த நிறுவனத்துப் பஞ்சாக இருந்தாலும் அதற்கு "கேர்ஃப்ரீ" என்றுதான் பெயர். மருந்துக்கடை வாசலில் ஆண்கள் நின்றிருந்தால், அவர்கள் போகும்வரை பக்கத்துக் கடையில் பேனா பார்ப்பதுபோல நின்றிருந்துவிட்டு, பிறகு மெதுவாகப் போய்க் கேட்போம். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசமாட்டார். செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, நூல் கட்டி, கறுப்புப் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுப்பார். அதே கடையில் மூலநோய்க் களிம்பை உறையில்லாமல் நீட்டுவார்கள். அந்தக் கறுப்புப் பை எதை மறைத்தது என்பது பேருந்தில் ஏறியதும் தெரிந்துவிடும். கறுப்புப் பையோடு ஏறும் பெண்ணின் கையில் இருப்பது என்ன என்று பேருந்து முழுவதற்கும் தெரியும். வீட்டில் தொலைக்காட்சியில் நாப்கின் விளம்பரம் வந்தால் அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். விளம்பரத்தில் ஊற்றிக் காட்டியதோ நீலநிறத் திரவம். அது எதைக் குறிக்கிறது என்று என் தம்பிக்குப் பல ஆண்டுகள் தெரியாமலேயே இருந்தது.

இந்த நிலை எப்போது நகரத் தொடங்கியது என்று ஒரு தேதியைக் குறித்துச் சொல்ல என்னால் முடியாது. நகர்த்தியவர்களில் சிலரைச் சொல்ல முடியும். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1998இல் திருமணம் செய்துகொண்ட சிறிது காலத்தில், மனைவி எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்து, அது கிழிந்த துணி என்று அறிந்துகொண்டார். அவர் செய்து பார்த்த நாப்கின்களைச் சோதித்துச் சொல்ல எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. அதனால் கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார். ஊர் ஒதுக்கியது, மனைவியும் தாயும் சில காலம் அவரை விட்டுப் பிரிந்திருந்தார்கள். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது பருத்தி இல்லை, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கண்டுகொள்ளவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பிறகு சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்து, அதை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மலிவான நாப்கினைத் தந்தார் என்பதைவிட, ஓர் ஆண் மேடையேறி, மைக்கைப் பிடித்து, மாதவிடாய் பற்றித் தமிழில் உரக்கப் பேசினார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவருடைய பேட்டி தொலைக்காட்சியில் வந்த ஒருநாள், திண்ணைக்கு எழுந்து போகாமல் என் அப்பா முழுவதும் பார்த்தார்.

அதே காலகட்டத்தில் தமிழக அரசின் புதுயுகம் திட்டம் வந்தது. 10 முதல் 19 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 நாப்கின் பொட்டலங்கள் விலையில்லாமல் கிடைத்தன. என் தங்கை மகள் படித்த அரசுப் பள்ளியில் அவற்றை வகுப்பிலேயே ஆசிரியை பெயர் வாசித்துக் கொடுத்ததாக அவள் சொன்னபோது, பேனா பார்ப்பதுபோல நின்ற கடைவாசலை நினைத்துக்கொண்டேன். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நாப்கினுக்கு 12 விழுக்காடு வரி விதித்தார்கள். நாடெங்கும் பெண்கள் கேள்வி கேட்டார்கள். ஓராண்டு கழித்து, 2018 ஜூலையில், வரி முற்றிலும் நீங்கியது. நாங்கள் கடையில் கேட்கவே கூசிய ஒரு பொருளின் வரியைப் பற்றி நிதியமைச்சர்கள் கூடி விவாதித்ததை என் காலத்திலேயே பார்த்துவிட்டேன். 2020இல் ஓர் இந்திய நிறுவனம் தன் விளம்பரத்தில் நீலத்தை விட்டுவிட்டுச் சிவப்பையே காட்டியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் சுகாதாரமான முறை ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 58 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

ஆனால் எல்லாம் நேராகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். வரி நீங்கிய அதே 2018ஆம் ஆண்டு நவம்பரில், கஜா புயல் கரை கடந்த இரவில், பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், வயதுக்கு வந்ததற்காகத் தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்ட ஏழாம் வகுப்புச் சிறுமி, தென்னை சாய்ந்து விழுந்து இறந்துபோனாள். அந்தச் செய்தியைப் படித்த காலையில் என் அம்மா வெகுநேரம் பேசவில்லை. எனக்கும் அதே போன்ற கீற்றுக் குடிசையைத்தான் கொல்லையில் கட்டினார்கள்; என் வாரத்தில் புயல் வரவில்லை, அவ்வளவுதான். மதுரை மாவட்டம் கூவலாபுரம் பகுதியில் மாதவிடாய் நாள்களில் பெண்கள் போய்த் தங்குவதற்கென்று முட்டுத்துறை என்ற தனி அறைகள் இருப்பதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவியை இதே காரணத்துக்காக வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுதச் செய்த காட்சியை நாடே பார்த்தது. ஒரே மாவட்டத்துக்குள் முருகானந்தமும் இருக்கிறார், அந்தப் படிக்கட்டும் இருக்கிறது.

இனி என் கோப்பைக்கு வருகிறேன்.

நாற்பத்து நான்கு வயதிலிருந்து எனக்கு உதிரப்போக்கு மிக அதிகமாகிவிட்டது. இரண்டாம் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தது. வங்கியில் தணிக்கை நடந்த ஒருநாள், எழுந்திருக்க முடியாமல் நாற்காலியிலேயே மாலைவரை உட்கார்ந்திருந்தேன். கோவையில் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்தபோது, தன் பையிலிருந்து சின்னத் துணிப்பை ஒன்றை எடுத்துக் காட்டி, "அம்மா, ஹாஸ்டல்ல பாதிப் பேர் இதுக்கு மாறிட்டோம், நீங்களும் மாறுங்க," என்றாள். எனக்கு முதலில் வந்தது கோபம். நீ எப்படி இதை, கல்யாணத்துக்கு முன்னால், என்று தொடங்கியவள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். என்னை நிலைப்படிக்கு இந்தப்புறம் நிறுத்திய அதே குரல் என் வாயிலிருந்து வருவதை நானே கேட்டேன். இரண்டு நாள் கழித்து நானே அவளைக் கூப்பிட்டு, எனக்கு எந்த அளவு வாங்க வேண்டும் என்று கேட்டேன். குழந்தை பெற்றவர்களுக்கும் போக்கு அதிகமுள்ளவர்களுக்கும் பெரிய அளவும், மற்றவர்களுக்குச் சிறிய அல்லது நடுத்தர அளவும் பொதுவாகப் பொருந்தும் என்றாள். அவளே இணையத்தில் வாங்கித் தந்தாள்.

பழகுவதற்கு மூன்று மாதங்கள் ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் எனக்குப் பெரும் ஏமாற்றம். மடித்து வைத்தது உள்ளே போய் விரியவில்லை, பக்கவாட்டில் கசிந்தது. குந்தி உட்கார்ந்து, மூச்சை மெதுவாக விட்டு, விளிம்பின் ஒரு பக்கத்தை உள்நோக்கி அழுத்தி மடித்து வைத்தபோதுதான் சரியாக அமைந்தது. வைத்த பிறகு அடிப்பகுதியை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்க வேண்டும். மடிப்பு ஏதும் தட்டுப்படாமல் உருண்டையாக இருந்தால் விரிந்துவிட்டது என்று பொருள். எடுப்பதுதான் இன்னும் கடினம். காம்பைப் பிடித்து அப்படியே இழுத்தால் வராது, வலிக்கும், இழுக்கவும் கூடாது. அடிப்பகுதியை இரண்டு விரல்களால் அமுக்கி, உள்ளே காற்றுப் புகவிட்டு, பிடிப்பு விட்ட பிறகே மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். முதல் முறை எடுக்க வராமல் பயந்துபோய், குளியலறைக்குள்ளிருந்தே மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். "பயந்தா உடம்பு இறுகிக்கும்மா, பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க, அது உள்ளே எங்கேயும் போய்விடாது," என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்த என் உடம்பின் அமைப்பை நான் தெரிந்துகொண்டது அந்த மூன்று மாதங்களில்தான்.

நான்காவது மாதத்திலிருந்து எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஈர உணர்வு இல்லை, வாடை இல்லை, தொடை உரசல் இல்லை. இரவுப் பேருந்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஏறினால் இறங்கும்வரை கவலையில்லை. எனக்குப் போக்கு அதிகமுள்ள நாளில் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டுகிறேன். மற்ற நாள்களில் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் நாப்கினுக்குக் கொடுத்து வந்தேன். இரண்டு கோப்பைகள் வாங்கிய பிறகும் முதல் ஆண்டிலேயே போட்ட பணம் திரும்பிவிட்டது. குப்பை என்று ஒன்று இல்லாமல் போனதையும் சொல்ல வேண்டும். மட்காத நாப்கினைத் தாளில் சுற்றி, குப்பை வண்டிக்காரர் கையால் பிரிக்கும் கூடையில் போடும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். அவற்றை உறையில் இறுகச் சுற்றி உலர்குப்பையோடு தர வேண்டும் என்று 2016இன் திடக்கழிவு விதிகள் சொன்னாலும், எங்கள் தெருவில் அப்படித் தருபவர்கள் குறைவு.

இதன் இன்னொரு பயனை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கோப்பையில் அளவுக்கோடுகள் இருக்கின்றன. முன்பு மருத்துவர் "ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்?" என்று கேட்டால், ஐந்து, ஆறு என்று சொல்வேன், முழுதும் நனைந்ததையும் பாதி நனைந்ததையும் ஒன்றாகவே எண்ணியிருப்பேன். கோப்பைக்கு மாறிய பிறகு ஒவ்வொரு முறையும் கொட்டும்போது அளவைக் குறித்து வைத்து, ஒரு மாதத்தின் மொத்தத்தைக் கூட்டினால் 110 மில்லிலிட்டர் வந்தது. ஒரு சுழற்சியில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது மிகைப்போக்கு. அந்தத் தாளை நீட்டியதும் மருத்துவர் உடனே இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதினார். கருப்பையில் நார்க்கட்டி இருந்தது, ஹீமோகுளோபின் 8.6தான் இருந்தது. "நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற ஆறுதலிலேயே இரண்டு ஆண்டுகளை நான் ஓட்டியிருந்தேன்.

இப்போது அடுப்பு. கோப்பையைக் கொதிக்க வைக்கத் தனிப் பாத்திரம் வேண்டும். ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரத்தை அதற்கென்றே ஒதுக்கினேன். முதலில் குளியலறைக்குள் மின் கெட்டிலை வைத்துச் சமாளிக்கலாமா என்று யோசித்தேன். காரணம், என்னோடு இருக்கும் என் அம்மா. அவருக்கு எழுபத்து நான்கு வயது. இன்றைக்கும் பண்டிகைக்கு நாள் பார்க்கும்போது, எனக்கு எப்போது வரும் என்று கணக்குப் பார்த்துக்கொள்பவர். விலக்கான நாளில் அடுப்படிக்குள் கால் வைக்கவே கூடாது என்றிருந்தவர் கண் முன்னால், உதிரம் ஏந்திய பாத்திரத்தையே அடுப்பில் ஏற்றுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. ஆனாலும் மறைத்துச் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் பாவாடைக்கு அடியில் துணி காயவைத்ததன் மறுபதிப்பாக அது ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கோப்பையைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "என்னடி இது, ஊமத்தம்பூ மாதிரி?" என்றார். என்னவென்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று அவர் அடுப்படிக்குள் வரவில்லை. மதியம் நான்தான் பரிமாறினேன், சாப்பிட்டார். அடுத்த நான்கு மாதங்களும் அப்படியே கழிந்தன.

ஐந்தாவது மாதம், கோப்பையை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பில் மறந்துபோனேன். தண்ணீர் முழுவதும் வற்றி, சிலிக்கோன் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் கருகி, வீடெங்கும் நெடி பரவிவிட்டது. அந்தக் கோப்பை போயிற்று. புதிதாக ஒன்று வாங்கினேன். குறை கோப்பையில் இல்லை, என் கவனக்குறைவுதான். அதற்கடுத்த மாதம் நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு சொம்புத் தண்ணீர். "சுண்டிக்கிட்டே வருது, நீ பாட்டுக்குப் போயிட்ட," என்றபடி பாத்திரத்தில் தண்ணீரைச் சேர்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் காலத்தில், கல்யாணமாகி வந்த வீட்டில், இருபது பேர் இருந்த குடும்பத்தில், அந்த மூன்று நாளும் மழையானாலும் மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில்தான் படுக்க வேண்டியிருந்தது என்று அன்றுதான் சொன்னார். துணி போதாமல் ஒருமுறை தவிட்டைத் துணிப்பையில் கட்டி வைத்துக்கொண்டதையும் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்குள் அந்தப் பேச்சு அதுவரை வந்ததே இல்லை. அதன் பிறகு மாதந்தோறும் ஐந்து நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்து அடுப்பை அணைப்பது அம்மாதான்.

வாங்க நினைப்பவர்கள் சில குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். கைகழுவ நல்ல தண்ணீரும் சோப்பும் இல்லாத இடத்தில் இது ஒத்துவராது. கழிப்பறைக்குள்ளேயே குழாய் இருக்க வேண்டும். வாஷ்பேசின் வெளியே பொதுவில் இருந்தால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் வேலை செய்த கிளை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் அந்த நிலைதான். தினமும் ஒரு பாட்டில் தண்ணீரோடு உள்ளே போவேன். பேருந்து நிலையக் கழிப்பறைகளை நம்பி இதை எடுத்துச் செல்ல வேண்டாம். கருத்தடை வளையம் பொருத்தியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. கோப்பையை எடுக்கும்போது வளையமும் இடம்பெயரக்கூடும். கருப்பை இறக்கம் உள்ளவர்களும், அண்மையில் பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ ஆனவர்களும் அப்படியே. எந்தப் பொருளால் ஆனது என்று எழுதாமல் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுவதை வாங்காதீர்கள். பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: 43 ஆய்வுகளில் பங்கேற்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்து, 2019இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமம் வெளியிட்ட கட்டுரை, கோப்பை பாதுகாப்பானது என்றும், நாப்கின் போன்ற பொருள்களோடு ஒப்பிட்டால் கசிவில் அவற்றுக்கு நிகராகவோ மேலாகவோ இருக்கிறது என்றும் கண்டது. பழகிய பின் தொடர விரும்பியவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர்.

கேரளத்தில் இதை ஊரளவில் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஆலப்புழை நகராட்சியில் பொதுத்துறை நிறுவனமான ஹெச்எல்எல் லைஃப்கேர் 2019இல் 5,000 பெண்களுக்குக் கோப்பைகளை இலவசமாகக் கொடுத்தது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத முதல் ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் கையில் கொடுத்ததோடு நிற்காமல், பயன்படுத்தும் முறையையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஊரில் நாப்கினை வகுப்பில் பெயர் வாசித்துக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். கோப்பையை எப்படி வைப்பது என்று கல்லூரி மாணவியருக்கு ஒரு செவிலியர் வந்து பொம்மை உருவத்தில் செய்து காட்டும் நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதற்குக் குறுக்கே நிற்பது விலையும் இல்லை, கசிவும் இல்லை. "கல்யாணமாகாத பெண் உள்ளே எதையும் வைக்கலாமா?" என்ற கேள்விதான். இதை நேராகவே பேசிவிடுவது நல்லது. கோப்பையால் கன்னித்திரை விரியலாம். சிலருக்குச் சிறிது கிழியவும் கூடும். சைக்கிள் ஓட்டியும் விளையாடியும்கூட அப்படி நேர்கிறது. பிறவியிலேயே அது மிக மெல்லியதாக இருப்பவர்களும் உண்டு. அதை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளக்க முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் இருவிரல் சோதனை செய்வதே முறைகேடு என்று நம் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மீண்டும் கண்டித்துச் சொன்னது. நீதிமன்றமே ஏற்காத ஒரு சான்றை, பெண் பார்க்க வரும் வீட்டாருக்காகத் தாய்மார்கள் நாம் காத்துக்கொண்டிருக்கிறோம். என் மகள் என்னைக் கேட்காமலே முடிவெடுத்தாள், நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் 2021இல் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் தங்கை சொல்லிவிட்டாள். வகுப்பில் பெயர் வாசித்து நாப்கின் வாங்கிய அதே தங்கை மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கபடிக் குழுவில் இருக்கிறாள். போட்டி நாள்களில் நாப்கினோடு ஆட முடியவில்லை என்று என்னிடம் வந்து கேட்டாள். சிறிய அளவில் ஒன்று வாங்கி, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் தங்கை அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அக்கா, நீயும் நானும் எது பண்ணாலும் பரவாயில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் அவ புருஷன் சம்மதிச்சா வச்சுக்கட்டும்," என்றாள். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அம்மாவும் கூடத்திலிருந்தபடியே, "சின்னவளே, கொடுத்துட்டுப் போடி, பிள்ளை ஓடியாடுற வயசு," என்றார். தங்கை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெட்டி உறை பிரிக்காமல் என் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. ஏப்ரலில் அந்தப் பெண்ணுக்கு மண்டல அளவிலான போட்டி இருக்கிறது; அதற்கு முன்னால் ஊருக்குப் போய் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கப் போகிறேன்.